சொல்தாக்களின் கல்லும் காணியும்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. அவனோடு அவனுடைய நாயும் அந்தக் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்துப் பொறித்தே வைத்திருக்கிறார்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்தவர்களுக்கு அவற்றின் வாசக அமைப்பு தெரிந்திருக்கும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், என்ன பெயர், எதற்காகப் பட்டான் என்பவை சுருக்கமாக வரிசையில் வந்துவிடும். புகழ்மொழிக்கு அங்கே அதிகம் இடமில்லை. ஆநிரையைக் கவரப் போனவனுக்கும் கல் உண்டு, அதை மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டுக்கொடுத்த வழக்கமும் இருந்தது. கல்வெட்டுகள் அதை நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் சொல்கின்றன. ஆக, இந்த மண்ணில் வீரனுக்கு ஊரும் அரசும் செய்த மரியாதைக்கு இரண்டு பாகங்கள். ஒன்று கல், இன்னொன்று காணி. பெயரைக் காப்பது முதலாவது, பிள்ளைகளைக் காப்பது இரண்டாவது. இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துப் புதுச்சேரியின் பிரெஞ்சுப் படைவீரர்களை, ஊர் வழக்கில் சொன்னால் சொல்தாக்களை, அரசுகள் எப்படி நடத்தின என்று பார்க்கலாம். மலர்வளையத்தை வைத்து எடைபோட்டால் கணக்குத் தவறும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே உள்ளூர் ஆட்களைப் படையில் சேர்த்த கதை பழையது. 1746இல் சென்னையைப் பிடித்த கையோடு அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சில நூறு பேர் விரட்டியடித்தார்கள் என்பதைப் பாடப்புத்தகங்கள் பராதி என்ற தளபதியின் பெருமையாகவும், அவருக்கு மேலே இருந்த துய்ப்ளெக்ஸின் பெருமையாகவும் சொல்லும். அந்தச் சில நூறு பேரில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். துய்ப்ளெக்ஸுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் சிலை நிற்கிறது. சிப்பாய்களின் பெயர் பொறித்த கல் ஒன்றும் நிற்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. கூலிப்படை என்றால் அப்படித்தான். சம்பளம் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியதற்கு முதல் உலகப்போர் காரணம் என்பார்கள். பாதி உண்மை. போர் தொடங்கிய மறு ஆண்டே, 1915 ஜூலை 2இல், போரில் இறந்தவரின் இறப்புப் பதிவில் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்’ என்று குறிக்க வேண்டும் என்று பிரான்ஸ் சட்டம் செய்தது. 1919 அக்டோபரில் ஊருக்கு ஊர் நினைவுச்சின்னம் எழுப்ப அரசு மானியம் அறிவித்தது. சில ஆண்டுகளுக்குள் பிரான்சின் குக்கிராமங்களிலெல்லாம் பெயர்ப் பலகையோடு தூண்கள் எழுந்துவிட்டன. புதுச்சேரிக்கு அந்தத் தூண் வந்து சேர 1938 ஏப்ரல் ஆயிற்று. போர் முடிந்து இருபது ஆண்டுகள்! கடற்கரைச் சாலையில், இன்று காந்தி சிலைக்கு அருகே இருப்பது அதுதான். கஸ்தோன் பெத்தி வடிவமைத்து, தெலாஃபோன் கட்டியது. நான்கு உயரமான தூண்களுக்கு நடுவே ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை குனிந்து நிற்கிறான். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடிப்பது இறந்த தோழனுக்குப் படைவீரன் செய்யும் மரியாதை. வெற்றிக் களிப்பு அந்தச் சிலையில் எங்கும் கிடையாது. பிரிட்டிஷ் பக்கத்து ஊர்களில் இதே காலத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேறுபாடு புரியும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது சொல்லும். இப்படிப்பட்ட பலகைகள் நாடெங்கும் உண்டு. இந்த ஊர்ப் பலகைகளில் தலைகளை எண்ணியிருக்கிறார்கள், பெயர்களை எழுதவில்லை. பெயர் எழுதும் வழக்கத்தைப் பொறுத்தவரை, தாமதமாக வந்தாலும், புதுச்சேரியின் கல் நம் நடுகல்லுக்குக் கொஞ்சம் நெருங்கியது.

யார் இந்தப் பெயர்களுக்கு உரியவர்கள்? அதற்கு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைக்குப் போக வேண்டும். தம் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுக்கும் இந்தியருக்கு அந்த ஆணை வழி திறந்தது. எழுதிக் கொடுத்தவர் தமக்கென ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்குள் காலணி அணிந்து போய்ப் பிரச்சினையைக் கிளப்பிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லாபோர்த் ஆனது இப்படித்தான். இவர்களை ரெனோன்சான் என்றார்கள். இவர்களில் கிறிஸ்தவர்களும் தலித்துகளும் மிகுதி. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் இதைக் கடுமையாக எதிர்த்ததும், ரெனோன்சான்களின் வாக்குரிமையைச் சுற்றி நடந்த அரசியலும் தனிக்கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஊரில் தெருவும் கிணறும் மறுக்கப்பட்ட ஒருவனுக்குச் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனில் ஒரு சீருடையும், பதவி உயர்வும், ஓய்வூதியமும் கிடைக்கும் வழி பிரெஞ்சுப் படையிலும் காவல்துறையிலும் சுங்கத்திலும் இருந்தது. கிராமத்தில் பெயரை முழுதாகச் சொல்லி அழைக்க ஆளில்லாதவனை அங்கே பதிவேட்டில் குடும்பப் பெயரோடு எழுதினார்கள். அவன் பிரான்சுக்காகப் போனானா, தன் பிள்ளைகளுக்காகப் போனானா என்று கேட்பவர், இரண்டும் ஒரே பயணமாக இருந்ததைக் கவனிக்கத் தவறுகிறார்.

ஆனாலும் கல்லின் அரசியலைப் பார்க்காமல் நகர முடியாது. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்களின் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, கடற்கரையில் சிப்பாய்களுக்குத் தூண் திறக்கப்படுகிறது. பிரான்சுக்காகச் செத்த தமிழனுக்கு வெண்தூண்கள். பிரான்சின் தோட்டாவுக்குச் செத்த தமிழனுக்குத் தொழிற்சங்கத்தின் சிவப்புக் கொடி. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14இல் ஒன்றும் ஜூலை 30இல் மற்றொன்றுமாக, பதினாறு நாள் இடைவெளியில் இந்த ஊர் இரண்டு வகை இறந்தவர்களையும் நினைவுகூர்கிறது. அரசு எழுப்பும் கல் தன்னைப் பற்றியும் பேசும். இறந்தவனின் பெயரில் தன் நியாயத்தையும் நாட்டிக்கொள்ளும். நினைவுத்தூணைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களின் கட்சியில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் கதை இன்னும் சிக்கலாகிறது. 1940இல் பாரிஸ் விழுந்த பிறகு, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசோடு போவதா, லண்டனிலிருந்து பேசிய தெகோலோடு போவதா என்ற கேள்வி குடியேற்றங்கள் எல்லாவற்றின் முன்னும் நின்றது. ஆளுநர் லூயி பொன்வென் தலைமையில் புதுச்சேரி அந்தச் செப்டம்பரிலேயே தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டது. 1942இல் லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் கோட்டையை ரோமெலின் படை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரில் புதுச்சேரித் தமிழர்களும் இருந்தார்கள். ஹிட்லருக்கு எதிரான போர் என்பதால் இந்தப் பகுதியைப் பெருமையோடு சொல்ல யாரும் தயங்குவதில்லை. அடுத்து வந்தது இந்தோசீனா. வியட்நாமியரின் விடுதலைப் போரை அடக்கப் போன படையில் நம் ஆட்களும் இருந்தார்கள். 1954 மே 7இல் தியேன் பியேன் ஃபூ விழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170க்கு 8 என்ற கணக்கில் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. அப்போது சொல்தாக்கள் பலர் இன்னும் பிரெஞ்சுச் சீருடையில்தான் இருந்தார்கள். அல்ஜீரியப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சொந்த ஊர் விடுதலை பெற்ற அதே நாளில் வேறொரு நாட்டின் விடுதலைக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். வரலாறு இவ்வளவு கோணலாக விழுந்த இடங்கள் தமிழ்நிலத்தில் அதிகமில்லை.

1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றிலிருந்து இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். எழுதாமல் விட்டவர்கள் தேசப்பற்றால் மட்டும் விட்டார்கள் என்றோ, எழுதியவர்கள் துரோகத்தால் எழுதினார்கள் என்றோ சொல்வது அந்தக் காலத்து மனிதர்களை அறியாத பேச்சு. தாள் ஒன்றுதான், ஆனால் சொல்தாவின் முதுமை எப்படிக் கழியும் என்பது அந்தத் தாளில் இருந்தது. ஏனென்றால் அதற்கு முன்பே, 1959 டிசம்பர் 26இல், பிரெஞ்சு நிதிச்சட்டத்தின் 71ஆம் பிரிவு ஒரு கோடு கிழித்திருந்தது. பிரெஞ்சு ஒன்றியத்தில் இருந்து பிரிந்த நாடுகளின் குடிமக்களுக்கு ராணுவ ஓய்வூதியம் 1961 ஜனவரி 1 முதல் அன்றைய விலையிலேயே உறைந்து நிற்கும் என்றது அது. ஒரே அகழியில் கிடந்து ஒரே குண்டில் கால் இழந்த இருவரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவருக்கு விலைவாசியோடு உயரும் தொகை, மற்றவருக்கு நின்றுபோன கடிகாரம்.

இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டியவர்கள் முக்கியமாக ஆப்பிரிக்கர்கள். செனகலின் ஓய்வுபெற்ற படைவீரர்கள் 743 பேர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். சேவை ஒன்றாக இருக்கும்போது பின்னால் மாறிய குடியுரிமையை வைத்து ஓய்வூதியத்தைக் குறைப்பது பாகுபாடு என்று 1989 ஏப்ரலில் அக்குழு கூறியது. பிரான்ஸ் அசையவில்லை. 2001 நவம்பரில் அமாது தியோப் என்ற செனகல்காரரின் வழக்கில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமே அதைச் சொன்ன பிறகு அரைகுறைத் திருத்தம் வந்தது. 2006இல் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய திரைப்படம் ஒன்றைப் பார்த்த அதிபர் ஷிராக் மனம் மாறினார் என்பார்கள். போர்வீரர் ஓய்வுத்தொகையும் ஊன ஓய்வூதியமும் 2007இல் சமமாயின. 2010 மே 28இல் அரசியல்சாசன மன்றம், தனக்குப் புதிதாகக் கிடைத்த அதிகாரத்தில் கொடுத்த முதல் தீர்ப்பாகவே, இந்த ஓய்வூதியப் பாகுபாட்டைத் தொடர்ந்த சட்டப்பிரிவுகளை ரத்து செய்தது. கல் நாட்ட இருபது ஆண்டு எடுத்துக்கொண்ட அரசு, காணி கொடுக்க ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. அதற்குள் உரியவர்களில் பலர் மயானம் போய்விட்டார்கள். இடைப்பட்ட ஐம்பது ஆண்டும் வீர வணக்க விழாக்கள் ஒன்றுவிடாமல் நடந்துகொண்டிருந்தன. அரசு மரியாதை எவ்வளவு மலிவாக அமையக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். புதுச்சேரிச் சொல்தாக்களில் பிரெஞ்சுக் குடியுரிமையைக் காத்துக்கொண்டவர்கள் முழுத்தொகை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஊரில் அதைப் பொறாமையோடு பேசியவர்கள் உண்டு. அது சலுகை என்று நினைத்தார்கள். உண்மையில் அவர்களுக்குக் கிடைத்தது உரியது. மற்ற குடியேற்ற நாட்டுக்காரர்களிடமிருந்து பறிக்கப்பட்டதும் அதே உரியதுதான்.

இங்கே எழும் எதிர்ப்பு தெரிந்ததே. ஆதிக்கத்துக்குச் சேவகம் செய்தவர்களுக்குச் சுதந்திர இந்தியா ஏன் மரியாதை செய்ய வேண்டும்? தியாகிகள் நிலத்தையும் உயிரையும் இழந்த ஊரில் இது அவமானமில்லையா? கேள்வி நியாயமானது, ஆனால் இந்தியக் குடியரசே இதற்கு ஒரே பதிலை எப்போதும் சொன்னதில்லை. டெல்லி இந்தியா கேட்டில் பொறித்திருக்கும் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பிரிட்டிஷ் பேரரசுக்காகப் போரிட்டு இறந்தவர்களுடையவை. குடியரசு அதை இடிக்கவில்லை. 1972 ஜனவரி 26இல் அதன் அடியிலேயே அமர் ஜவான் ஜோதியை ஏற்றியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2022இல், அந்தச் சுடரைத் தேசியப் போர் நினைவிடத்துக்குக் கொண்டுபோனது. அங்கே இருப்பவை விடுதலைக்குப் பின் இறந்தவர்களின் பெயர்கள். இன்னொரு பக்கம், நேதாஜியின் படையில் இருந்தவர்களை 1947க்குப் பின் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. ஆனால் 1972இல் தொடங்கிய தியாகி ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. பிரெஞ்சு, போர்ச்சுகீசியப் பகுதிகளின் இணைப்புக்காகப் போராடியவர்களும் அந்தத் திட்டத்தில் வந்தார்கள். 2018 நவம்பரில் குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு வடக்கு பிரான்சின் வில்லேர்-கிஸ்லேனில் முதல் உலகப்போரின் இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவிடம் திறந்து வைத்தார். பிரிட்டிஷ் கொடியின் கீழ் பிரான்சில் செத்த இந்தியருக்கு இந்திய அரசு மரியாதை செய்யலாம். பிரெஞ்சுக் கொடியின் கீழ் அதே பிரான்சில் செத்த புதுச்சேரிக்காரனுக்குச் செய்யக்கூடாது என்றால் அதில் என்ன தர்க்கம்?

போரின் நியாயமும் போர்வீரனின் சேவையும் வெவ்வேறு கணக்குகள் என்று சொன்னால், இது எதையும் நியாயப்படுத்தும் சாக்காக ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகலாம்; அதனால்தான் கல்லில் உண்மை இருக்க வேண்டும் என்கிறேன். நடுகல்லை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெட்சி வீரன் மாடு திருடப் போனவன். கல் அதை மறைக்கவில்லை. இன்ன ஊர்த் தொறுவைக் (மந்தையைக்) கொண்டபோது பட்டான் என்று வெளிப்படையாகவே சொன்னது. அவனுக்கு மரியாதை செய்தவர்கள் திருட்டை அறமாக்கவில்லை, ஆளைக் கைவிடவும் இல்லை. இந்தோசீனாவில் இறந்த சொல்தாவுக்கும் அப்படியொரு வரி போதும்: எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு, எந்தப் போர், அது யாருக்கு எதிரான போர். ‘தாயகத்துக்காக’ என்ற அலங்காரத்தைப் படிப்பவர் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளட்டும். சம்பளத்துக்காகத்தானே போனார்கள் என்ற ஏளனத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. சம்பளம் வாங்காத ராணுவம் உலகில் எங்கும் இல்லை; கார்கிலில் நின்றவனும் சம்பளம் வாங்கியவன்தான்.

இது பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தின் வேலை, நமக்கென்ன என்பது மூன்றாவது பேச்சு. ஆண்டுதோறும் ஜூலை 14இலும், முதல் உலகப்போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11இலும் நடப்பதைப் பார்த்தால் இந்தப் பேச்சு பொருந்தாது. மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு முதியவர்கள் கொடியோடு வரிசையில் நிற்கிறார்கள், இரண்டு நாட்டுப் பண்களும் ஒலிக்கின்றன, தூதரக அதிகாரியோடு புதுவை அரசின் சார்பிலும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. பொறுப்பைப் புதுவை அரசு ஏற்கெனவே பாதி ஏற்றுக்கொண்டுதான் நிற்கிறது. மலர்வளையம் ஒரு நாளில் வாடும். தூதரகத்தின் கடமை தன் குடிமக்களோடு முடிந்துவிடும். இந்தியக் குடிமகனாகிப் போன சொல்தாவின் பேரனுக்குத் தன் தாத்தா எங்கே எப்போது இறந்தார் என்று சொல்லும் கடமை அதற்கு இல்லை. அது இந்த மண்ணின் அரசுக்கு உண்டு.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. முதல் உலகப்போரில் இறந்தவர்களின் பதிவு அட்டைகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 2003 முதல் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பெயர், பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த இடம் எல்லாம் அதில் உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பழைய எத்தா சிவில் எனப்படும் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன, பங்குக் கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன, லால்பகதூர் சாஸ்திரி வீதியின் சொல்தா இல்லத்தில் நினைவுகள் இருக்கின்றன. இவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வரி தமிழில் எழுதி, ஒரு நூலாகவும் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாகவும் புதுவை அரசு கொண்டுவர வேண்டும். அதே நூலில் 1936 ஜூலை 30இல் இறந்த 12 பேருக்கும் நான்கு நான்கு வரிகள் இருக்கட்டும். அல்ஜீரியப் போர் 1962இல் முடிந்தது. அதில் இருபது வயதில் நின்றவர் இன்று எண்பதைக் கடந்தவர். கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டாக வேண்டும்.